முடிச்சு வைத்த கடைசிக் குறிப்பு

மேடையில் வீற்றிருக்கும் நம் பத்திரிகை ஆசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அச்சுக்கூடத்துத் தோழர்களே, குறுக்கெழுத்து வட்டத்து நண்பர்களே, கடைசி வரிசையில் கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு நான் பார்க்கும்போதெல்லாம் குனிந்து செருப்பைப் பார்க்கிற பல் டாக்டர் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என்னைச் சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்களிடம் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. ஏன் என்னிடம் மட்டும்? மெய்ப்புத் திருத்துகிறவன் நான். அச்சில் ஏறும் ஒவ்வொரு எழுத்தையும், இது இங்கே எப்படி வந்தது என்று கேட்டுக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவன். நம்மை விட்டுப் போன அண்ணன் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் தலையைக் கண்டால், "வாப்பா சந்தேகம், உட்காரு" என்பார். ஆகவே இன்றைக்கும் நான் சந்தேகத்தோடுதான் பேசப்போகிறேன். அவருக்குச் செலுத்த என்னிடம் வேறு அஞ்சலி இல்லை.

முதல் சந்தேகம், எனக்குப் பின்னால் தொங்கும் பேனர். "குறுக்கெழுத்துப் பேரரசர் முடிச்சு" என்று எழுதியிருக்கிறது. பகலெல்லாம் செய்திப் பிரிவில் துணை ஆசிரியராக உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைச் சுருக்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். ஞாயிறு இணைப்பில் 'முடிச்சு' என்ற பெயரில் வாரம் ஒரு புதிர் அமைத்தார். பேரரசரா அவர்? இந்தப் பேனரைக் கண்டால் என்ன செய்திருப்பார் தெரியுமா? பேனாவைத் திருப்பிப் பிடித்து மேசையில் இரண்டு தட்டு தட்டியிருப்பார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் தப்பு, எடுத்துவிடு. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த சட்டம் அது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது சந்தேகம் உங்கள் மேல். வந்திருக்கும் எல்லோரும் அஞ்சலி செலுத்தத்தான் வந்திருக்கிறீர்களா? வாசலில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் பேசியது என் காதில் விழுந்தது. "கடைசி ஒரு வருஷம் வந்ததெல்லாம் அவர் போட்டதே இல்லையாம்." "பின்ன?" "அந்தப் பல் டாக்டர் போட்டாராம். பேரு மட்டும் இவரோடதாம்." "அப்போ நாம ஏமாந்தோமா?" இப்படிப் போனது பேச்சு. என் காதில் மட்டும் விழுந்திருந்தால் துடைத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன். அது அண்ணியின் காதிலும் விழுந்தது. விழுந்ததை நான் பார்த்தேன். இந்தக் கூட்டம் கலையும்போது அண்ணனுடைய பெயர் சுத்தமாக வெளியே போக வேண்டும், அல்லது அழுக்காகப் போக வேண்டும். நடுவில் விட்டுவிட்டு இறங்க நான் தயாராக இல்லை.

புதிர் பழக்கம் இல்லாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்று சொல்கிறேன். சாதாரணக் குறுக்கெழுத்தில் 'ஊர்தி, நான்கு எழுத்து' என்று கேட்பார்கள், 'வாகனம்' என்று எழுதிவிட்டுப் போகலாம். அண்ணன் அப்படிக் கேட்க மாட்டார். 'கலைந்த கனவாம், ஏறிப் போக' என்று கேட்பார். படித்தவுடன் உங்களுக்கு யாருடைய கனவோ கலைந்துவிட்டதே என்று பாவமாக இருக்கும். அந்தப் பாவம்தான் பொறி. 'கனவாம்' என்ற நான்கு எழுத்தைக் கலைத்துப் போட்டால் 'வாகனம்', முடிச்சு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். 'ஏறிப் போக' என்பது விடையின் பொருள். ஒரே விடைக்கு இரண்டு வழி. ஒரு வழியில் போய்ச் சேர்ந்தால், இன்னொரு வழியில் திரும்பி வந்து சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த வரியில் வேலை இல்லாத சொல் ஒன்றுகூடக் கிடையாது.

அச்சுக்குப் போவதற்கு முன்னால் விடைகள் இல்லாமல் கட்டங்களை மட்டும் என் முன்னால் வைப்பார். நான் அவிழ்க்க வேண்டும். அவர் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் அது என்ன வேலை செய்கிறது என்று நான் சொல்ல வேண்டும். வேலை இல்லாத சொல் மாட்டினால் அவரே இரண்டு தட்டு தட்டி அடித்துவிடுவார். "படிக்கிறவங்களைத் திசை திருப்பலாம்பா. பொய் சொல்லக் கூடாது" என்பார். எத்தனை முறை சொல்லியிருப்பார்! திசை திருப்பலாம், பொய் சொல்லக் கூடாது. பத்திரிகை அலுவலகத்தில் இப்படி ஒரு ஆள் இருந்தார் என்றால் வெளியே நம்புவார்களா?

ஒரு முறை அவர் எழுதிய குறிப்பு இது: 'படுக்கையில் கிடக்கும் பாதித் தலைவன் தண்ணீரைத் தடுப்பான்'. அந்த நேரம் பார்த்து ஒரு கட்சியின் தலைவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். எங்கோ தண்ணீர்த் தகராறும் நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை வெள்ளைச் சட்டையில் இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்தார்கள். நாற்காலியில் உட்காரவில்லை.

"யாருய்யா முடிச்சு?"

"நான்தான். என்ன வேணும்?"

"எங்க தலைவரைப் பாதித் தலைவன்னு எழுதியிருக்கே. என்ன தைரியம் உனக்கு?"

அண்ணன் பதற்றப்படவில்லை. எங்கள் அறை மூலையில் இரவுப் பணிக்காரர்களுக்காக ஒரு கட்டில் உண்டு. அதிலிருந்த தலையணையை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தார். "தலைவன்ல பாதி 'தலை'. தண்ணியைத் தடுக்கிறது 'அணை'. சேர்த்துப் படிங்க. படுக்கையில கிடக்குதா இல்லையா?" வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர் தலையணையை அமுக்கி அமுக்கிப் பார்த்தார், உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று. அவர்தான் எனக்குப் பிடித்த வாசகர். அவர் அதன் பிறகு வாரா வாரம் புதிரை அவிழ்க்க ஆரம்பித்தார். இன்றும் வந்திருக்கிறார். எந்த வரிசை என்று சொல்ல மாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் அண்ணனுக்கு மூளையில் ரத்தம் கட்டியது. உயிர் தப்பியது. கை கால் தப்பியது. பேச்சும் ஓரளவு தப்பியது. ஆனால் பெயர்கள் தப்பவில்லை, பொருளின் பெயரும் சரி, ஆளின் பெயரும் சரி. வாழ்நாள் முழுக்கச் சொற்களோடு குடித்தனம் செய்த மனிதருக்கு எது போகக் கூடாதோ அதுவே போயிற்று. இதை நினைத்தால் எனக்கு இன்றும் யார் மேல் என்று தெரியாமல் கோபம் வருகிறது.

சில வாரங்கள் புதிர் வரவில்லை. பிறகு திடீரென்று வந்தது. கொண்டுவந்தவர் யார்? பல் டாக்டர்.

இந்த டாக்டர் யார் என்று வட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். வாரா வாரம் தவறாமல் அண்ணன் மேல் புகார் எழுதியவர். 'ஏழாம் குறிப்பு அநியாயம்', 'பதினொன்று வாசகரை அவமதிக்கிறது', 'முடிச்சு அவர்களுக்கு ஓய்வு தேவை'. பல்லைப் பிடுங்குகிற கையால் எழுதியது என்று படித்தாலே தெரியும். அண்ணன் அவற்றை வாய்விட்டுப் படித்துவிட்டு, "ஆள் சரியாத்தான் சொல்றார்" என்பார். அண்ணன் நோயில் விழுந்ததும் புகார்கள் நின்றன. புதிர் திரும்ப வந்த பிறகும் வரவில்லை. புகார் எழுதிப் பழகியவர் ஏன் நிறுத்துவார்? திருந்தியிருக்க வேண்டும், அல்லது ஆதாயம் கிடைத்திருக்க வேண்டும். திருந்தியவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

கட்டங்களை எடுத்து அவிழ்க்க உட்கார்ந்தேன். என் கழுத்துக்குப் பின்னால் அரித்தது. இது அண்ணனின் கை இல்லை. அண்ணனுடைய குறிப்பில் பொருள் விளக்கம் அகராதிபோல வறண்டு கிடக்கும், முடிச்சுதான் ஜாலம் காட்டும். இங்கே தலைகீழ். முடிச்சுகள் சுமார், ஒழுங்காகப் படித்த மாணவன் போட்ட மாதிரி. ஆனால் பொருள் விளக்கமோ! 'திரும்பிய விசா, பாக்கெட்டில் இருக்கும் கதவு.' விசாவைத் திருப்பினால் சாவி, அதை யாரும் போடலாம். சாவியைப் பாக்கெட்டில் இருக்கும் கதவு என்று எவன் சொல்வான்? 'விழி நடனமாடி, மூக்கின் மேல் ஜன்னல்.' கண், ஆடி, கண்ணாடி. சரி. மூக்கின் மேல் ஜன்னல் எந்த அகராதியில் இருக்கிறது?

நான் ஆசிரியரைச் சந்தேகப்பட்டேன். ஏதோ கம்ப்யூட்டரை வைத்துப் போட்டுவிட்டாரோ என்று. அவருக்கு இது இப்போதுதான் தெரிகிறது, முகத்தைப் பாருங்கள். பிறகு டாக்டரைச் சந்தேகப்பட்டேன். நோயில் கிடக்கும் மனிதரின் வீட்டுக்குள் நுழைந்து அவர் பெயரைத் திருடிக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன். நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு நாள் மாலை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. மணியை அழுத்தக் கை தூக்கியவன் நின்றேன். உள்ளே டாக்டர் ஏதோ படிக்கும் குரல். பிறகு டொக், டொக். மறுபடி படிக்கும் குரல். மறுபடி டொக், டொக். "அண்ணே, இதுக்கு மேல எப்படிண்ணே மாத்துறது?" என்று டாக்டர் கெஞ்சினார். மறுபடி படித்தார். டொக். ஒரே தட்டு.

அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா?

உள்ளே போனேன். சாப்பாட்டு மேசையில் டாக்டர் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்திருந்தார். எதிரில் அண்ணன், கையில் தலைகீழாகப் பிடித்த பேனா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தேடினார். வாய் திறந்து மூடியது. "எல்லாத்தையும்... திருப்பிப் பார்க்கிறவன்" என்றார். பிறகு சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, "பாக்கெட்டுல இருக்கிற கதவு... எங்க?" என்று கேட்டார். அண்ணி அடுப்படியில் இருந்தபடியே திரும்பிக்கூடப் பார்க்காமல், "சாவி டி.வி. மேல இருக்குங்க" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர்தான் மெதுவாகச் சொன்னார். "வார்த்தையெல்லாம் அவரோடது சார். அவருக்குப் பேர் வரலை. அதனால சுத்தி வளைச்சுச் சொல்றார். நாள் பூரா அண்ணி அதை அவிழ்த்துக்கிட்டே இருக்காங்க. நான் வந்து கேட்டு அதுக்கு ஒரு முடிச்சு போடுறேன். அதுவும் அவர் தட்டினாத்தான்."

"புகார் ஏன் நின்னு போச்சு?"

"இப்போ நேர்லயே சொல்லிக்கிறேனே" என்றார். "அவரும் நேர்லயே தட்டிடுறார்."

நம்பினேனா? உடனே நம்பினால் நான் சந்தேகமா? டாக்டர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, அண்ணன் முகத்தைப் பார்த்து, குறிப்பு ஒன்றை வேண்டுமென்றே கெடுத்துப் படித்தேன். 'திரும்பிய பச்சை விசா, பாக்கெட்டில் இருக்கும் கதவு.' பச்சை என்ற சொல்லுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். டொக், டொக். பிறகு விரலால் மேசையில் ஒரு சின்ன இடத்தைத் துடைத்துக் காட்டினார். எடுத்துவிடு. மனைவியின் பெயர் வாயில் வராத மனிதர், வேலை இல்லாத ஒரு சொல்லைக் கண்டுபிடித்துத் துடைத்துப் போட்டார். அன்று நான் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அழுதேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இப்போது சொல்லுங்கள், தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றவர்களே. அந்தப் புதிர்கள் யாருடையவை? பொருள் அவருடையது. தீர்ப்பு அவருடையது. நடுவில் ஒரு முடிச்சு, அதையும் அவர் தட்டித்தான் அனுப்பினார். நீங்கள் திசை திருப்பப்பட்டீர்கள். உங்களிடம் பொய் சொல்லப்படவில்லை.

இதோடு இறங்கியிருப்பேன். ஆனால் இன்று வாசலில் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் அவிழலை சார். அந்த டம்ளர்."

எனக்குத் தெரியும் அந்த டம்ளர். நானும் அங்கே இருந்திருக்கிறேன். ஒரு நாள் அண்ணி மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அண்ணன் நாற்காலியில் நெளிந்தார். "இன்னொரு டம்ளர் எங்க?" என்றார். நான் ஒரு டம்ளர் கொண்டுவந்தேன். இரண்டு தட்டு. பெரிய டம்ளர். இரண்டு தட்டு. கண்ணாடி டம்ளர், சில்வர் டம்ளர், தண்ணீர் ஊற்றி, டீ ஊற்றி, எல்லாவற்றுக்கும் இரண்டு தட்டு. டாக்டர் அடுக்களையைக் காலி செய்து மேசையில் பரப்பினார். அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டார். அண்ணி திரும்பி வந்து, "என்ன கடை விரிச்சிருக்கீங்க?" என்று கேட்டபோது அவர் பேசாமல் அடங்கிவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்தோம். அண்ணியிடம் ஒன்றும் சொல்லாமல் டம்ளர்களை எடுத்து வைத்தோம். அதற்குப் பிறகும் பல முறை கேட்டாராம். அண்ணி வங்கிக்குப் போனபோது. மாடியில் துணி காயப்போடப் போனபோது. கடைசியாக மருத்துவமனையில், அண்ணியைக் கொஞ்ச நேரம் தூங்கச் சொல்லி வெளியே அனுப்பியபோது.

இதைக் கேட்டுவிட்டு மேடைக்கு வந்து உட்கார்ந்தேன். ஆசிரியர் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, மன்னிக்க வேண்டும். முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி முன்னால் இருந்த சின்ன மேசையில் ஒரு டீ டம்ளரை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணி அதை எடுத்துக் குடிக்கவில்லை. கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்தார், பக்கத்தில் இன்னொன்று வைக்க இடம் விட்டு. அவருக்கே தெரியாமல் கை செய்த வேலை அது.

நண்பர்களே, நாங்கள் எப்படிப்பட்டவர்கள்? ஒரு சொல்லையும் அதன் முகத்தைப் பார்த்து நம்பாதவர்கள். சாவி என்றால் விசாவைத் திருப்புகிறவர்கள். பேனரைச் சந்தேகப்படுகிறவர்கள், ஆசிரியரைச் சந்தேகப்படுகிறவர்கள். அந்த ஒரு வரியை மட்டும் சந்தேகப்படாமல், டம்ளர் என்று சொன்னால் டம்ளர்தான் என்று நம்பி, வீட்டிலுள்ள பாத்திரத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அண்ணி, அவர் டம்ளரைக் கேட்கவில்லை. காலையும் மாலையும் அவர் டம்ளருக்குப் பக்கத்தில் எந்த டம்ளர் இருந்ததோ, அந்த டம்ளருக்கு உரியவரைக் கேட்டார். நீங்கள் இல்லாதபோது மட்டும் கேட்டார். நீங்கள் உள்ளே வந்ததும் விடை வந்துவிட்டது, அதனால் பேசாமல் இருந்தார். அவர் சொன்னதையெல்லாம் ஒரு வருடம் அவிழ்த்தவர் நீங்கள். இந்த ஒன்றை மட்டும் உங்கள் காதில் விழாமல் வைத்துக்கொண்டவர்கள் நாங்கள். இப்போது ஒப்படைக்கிறேன்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே. இந்தப் புதிர் தொடருமா என்று நேற்று உங்களைக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றீர்கள். அந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு இந்த அலுவலகத்தில் ஒரே ஒரு பொருள்தான், அது அகராதியில் இல்லை. அந்தக் கட்டத்தில் விளம்பரம் போட யாரோ வந்து போனதையும் நான் பார்த்தேன். ஆகவே இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். முடிச்சு என்ற பெயரில் புதிர் தொடரும். டாக்டர் முடிச்சுப் போடுவார். கடைசி வரிசையில் ஒளிந்துகொண்டு அல்ல, இனி அலுவலகத்துக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து போடுவார். நான் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிப் பார்ப்பேன். மேசையைத் தட்டும் வேலை மட்டும் எங்கள் இருவருக்கும் கிடையாது. அது அண்ணிக்கு. அவரை விட நன்றாக அவிழ்க்கத் தெரிந்தவர் இந்த மண்டபத்தில் யாராவது இருந்தால் எழுந்து நிற்கலாம்.

யாரும் எழவில்லை. நல்லது.

வரும் ஞாயிறு, இடமிருந்து வலம், முதல் குறிப்பு: 'இன்னொரு டம்ளர் எங்கே?' அவ்வளவுதான். முடிச்சு கிடையாது. கலைக்க எழுத்து கிடையாது, திருப்ப விசா கிடையாது. ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. இப்படிப்பட்ட குறிப்பை வாழ்நாளில் நான் அனுமதித்ததில்லை. அடுத்த வாரம் எல்லா விடைகளையும் அச்சிடுவோம், இதற்கு மட்டும் அச்சிட மாட்டோம். அதன் விடை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

அண்ணி, நீங்கள் சொன்னால்தான் அச்சுக்குப் போகும். இந்தக் குறிப்பு நியாயமா?

அவசரமில்லை. மெதுவாகச் சொல்லுங்கள்.

ஒரு தட்டு. எனக்குக் கேட்டது. டாக்டர், கதவுப் பக்கம் உங்களுக்கும் கேட்டிருக்கும். உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.